வயது வந்தவர்களுக்கு வகுப்பெடுப்பவர் எதைப் பழக வேண்டும்?

பயிற்றுநர்களுக்கான பயிற்சி என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி குரலை ஏற்றி இறக்குவது, கையை எங்கே வைத்துக்கொள்வது, எல்லோர் கண்ணையும் பார்த்துப் பேசுவது, நடுவில் ஒரு நகைச்சுவை, கடைசியில் ஒரு கதை என்றே போய்விடுகிறது. இவை தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாற்பது வயதில், வேலை முடிந்த களைப்போடு, மேலதிகாரி அனுப்பினார் என்பதற்காக வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு போக இவை எவ்வளவு உதவும் என்று கேட்டால், கொஞ்சம்தான் என்பேன். வகுப்பெடுக்கும் திறமையில் பாதிக்கு மேல் எதிரே இருப்பவர்களைக் கவனிப்பதில் இருக்கிறது. எப்போது பேச்சை நிறுத்துவது, எதைக் கேட்பது, கேட்டபின் எவ்வளவு நேரம் சும்மா இருப்பது, யார் கையில் வேலையைக் கொடுப்பது, இதெல்லாம்தான் அது. இவற்றையும் பழகித்தான் கொண்டுவர வேண்டும், பழக வழியும் இருக்கிறது.

நல்ல பேச்சும் நல்ல கற்பித்தலும் ஒன்றாகிவிடாது என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1970-ல் அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள் ஒரு நடிகருக்கு 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று பெயர் சூட்டி, கணித விளையாட்டுக் கோட்பாட்டை மருத்துவக் கல்வியில் பயன்படுத்துவது பற்றிப் பேசவைத்தார்கள். அவருக்கு அந்தத் துறை பற்றி எதுவும் தெரியாது. ஒன்றுக்கொன்று முரணான வாக்கியங்கள், அர்த்தமில்லாத சொற்கள், இடையிடையே சிரிப்பு என்று கலகலப்பாகப் பேசச் சொல்லியிருந்தார்கள். நேரிலும் வீடியோவிலுமாகக் கேட்டவர்கள் மொத்தம் 55 பேர், மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், கல்வித்துறையினர் என்று எல்லோரும் படித்தவர்கள். பெரும்பாலானோர் பேச்சு நன்றாக இருந்தது, சிந்திக்கத் தூண்டியது என்று மதிப்பிட்டார்கள். 1973-ல் வெளியான இந்த ஆய்வு சின்னது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் அதில் இல்லை, அதனால் இதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் வகுப்பு முடிந்து "சார் பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் என்ன கற்றுக்கொண்டார் என்பது அந்தப் பாராட்டில் தெரியாது என்ற எச்சரிக்கைக்கு இது போதும்.

சரி, வயது வந்தவர்களிடம் அப்படி என்ன தனியாக இருக்கிறது? இந்தப் பேச்சு வந்தாலே வயது வந்தோர் கல்வி பற்றி எழுதிய அமெரிக்கர் மால்கம் நோல்ஸ் பெயர் வரும். பெரியவர்கள் தாங்களே தங்களை நடத்திக்கொள்ள விரும்புகிறவர்கள், அனுபவத்தோடு வருகிறவர்கள், எதற்காகப் படிக்கிறோம் என்பது தெரிந்தால்தான் இறங்குகிறவர்கள், பாடத்தைவிடத் தங்கள் கையில் இருக்கும் பிரச்சினையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் என்று அவர் வகுத்தார். 1970-ல் குழந்தைகளுக்குக் கற்பிப்பதையும் பெரியவர்களுக்குக் கற்பிப்பதையும் எதிரெதிரே நிறுத்தியவர், 1980-ல் அதைத் திருத்திக்கொண்டு, இரண்டும் ஒரே கோட்டின் இரண்டு முனைகள், சூழலைப் பொறுத்து எதையும் பயன்படுத்தலாம் என்றார். அந்தத் திருத்தத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொழிலுக்கே புதிதாக வந்திருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு முதல் வாரம் படிப்படியான நேரடி வழிகாட்டல்தான் வேண்டும். "பெரியவர்கள்தானே, அவர்களே கண்டுபிடிக்கட்டும்" என்று விட்டுவிடுவது மரியாதை மாதிரி தெரிந்தாலும் உண்மையில் கைவிடுவதுதான்.

நோல்ஸின் பட்டியலில் அழுத்தமாக வராத ஒன்றை நான் முதலிடத்தில் வைப்பேன், அவமானத்தைப் பற்றிய பயம். பத்து வயதுப் பிள்ளை தப்பாகச் சொன்னால் வகுப்பு சிரிக்கும், அடுத்த நிமிஷம் மறந்துவிடும். பெரியவருக்கு அப்படி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவராக இருக்கலாம், இவரோ பள்ளிக்கூடம் என்றாலே கசப்பாக நினைவு வைத்திருப்பவராக இருக்கலாம். அதனால் தெரியாததை மறைப்பதில் பெரியவர்கள் கெட்டிக்காரர்கள். தலையாட்டுவார்கள், எழுதிக்கொள்வார்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் புரிந்தது என்பார்கள். ஒரு பயிற்றுநர் தன் பேச்சிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துப்போட வேண்டுமென்றால் நான் இந்த 'புரிந்ததா'வைத்தான் சொல்வேன், ஏனென்றால் அதற்குக் கிடைக்கும் பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதற்குப் பதிலாக "இந்த மானியில் அழுத்தம் திடீரென்று இறங்கினால் முதலில் எதைப் பார்ப்பீர்கள், ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். புரிந்ததும் புரியாததும் அந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஒரு முடிச்சைப் பற்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940-க்கும் 1945-க்கும் இடையே, அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குள் அனுபவமே இல்லாத தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய மேற்பார்வையாளர்களுக்கோ வேலை தெரியும், கற்றுக்கொடுக்கத் தெரியாது. அவர்களுக்காகவே அரசு ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்தியது, பெயர் 'ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' (தொழிலகத்துக்குள் பயிற்சி), சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. என்பார்கள். எப்படிக் கற்றுக்கொடுப்பது என்ற பாடம் மொத்தமே 10 மணி நேரம், 2 மணி நேரமாக 5 அமர்வுகள். அதன் தொடக்கத்தில் பயிற்றுநர் ஒருவரை முன்னால் அழைத்து, மின்விளக்குக் கம்பி இழுபட்டுக் கழன்றுவிடாமல் இருக்கப் போடும் ஒரு முடிச்சை வாயால் மட்டும் விவரிப்பார். கேட்டவருக்குப் போட வராது. அப்புறம் இன்னொருவரை அழைத்து, எதுவும் விளக்காமல் போட்டுக் காட்ட மட்டும் செய்வார், அதுவும் சரிவராது. மூன்றாவதாக, முறைப்படி சொல்லிக்கொடுப்பார். முதலில் ஆளைப் பதற்றமில்லாமல் உட்காரவைத்து, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. அடுத்து, ஒரு நேரத்தில் ஒரு படி என்று சொல்லிக்கொண்டே செய்து காட்டி, எந்த இடத்தில் கவனம் வேண்டுமோ அங்கே நின்று அழுத்திச் சொல்வது. பிறகு அவரையே செய்யவைத்து, இன்னொரு முறை செய்யும்போது ஏன் அப்படிச் செய்கிறார் என்று அவர் வாயாலேயே சொல்லவைப்பது. கடைசியில் தனியாக விட்டு, அடிக்கடி வந்து பார்த்து, மெல்ல மெல்ல விலகுவது. அந்த மனிதர் முடிச்சைப் போட்டுவிடுவார்.

"தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் பயிற்றுநர் கற்றுக்கொடுக்கவில்லை" என்பதுதான் அந்தத் திட்டத்தின் வாசகம். கற்பவரின் தயக்கம், களைப்பு, மேலாளரின் அலட்சியம் எல்லாம் கணக்கில் வராதா என்று கேட்டால், வரும்தான். ஆனால் பயிற்றுநர் தன் கையில் இருப்பதைச் சீர்செய்ய உட்காரும்போது இந்த வாசகத்தை எதிரே வைத்துக்கொள்வது நல்லது.

இதே தடத்தில் மருத்துவப் பயிற்சியில் பேட்டன் என்ற அறுவை மருத்துவர் 1998-ல் வகுத்த நான்கு படிகளும் வரும். முதலில் முழு வேகத்தில், பேசாமல் செய்து காட்டுவது. இரண்டாவது, மெதுவாக, விளக்கிக்கொண்டே செய்வது. மூன்றாவது, கற்பவர் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல பயிற்றுநர் செய்வது. நான்காவது, கற்பவரே சொல்லிக்கொண்டு செய்வது. இதில் மூன்றாவது படிதான் உயிர். நேரம் போதவில்லை என்று பலரும் வெட்டிவிடுவதும் அதைத்தான். கற்பவர் சொல்வதை மட்டும், சொன்னபடி மட்டும் உங்கள் கை செய்ய வேண்டும். அவர் ஒரு படியை விட்டுவிட்டால் கை நின்றுவிட வேண்டும். அவர் மனதுக்குள் இருக்கும் வரிசை எப்படி இருக்கிறது என்று பார்க்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

அனுபவசாலிகள் வகுப்பெடுக்க வரும்போது அவர்களுடைய கெட்டிக்காரத்தனமே குறுக்கே நிற்கும். இதற்கும் ஒரு ஆய்வு உண்டு. 1990-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வாளர், சிலரை எல்லோருக்கும் தெரிந்த பாடல்களை மேசையில் விரலால் தட்டச் சொன்னார், எதிரே இருப்பவர் எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதியளவாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் மனதுக்குள் முழுப் பாட்டும் இசையோடு ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பவருக்கோ வெறும் டொக் டொக். வருஷக்கணக்காக ஒரு வேலையைச் செய்தவர் விளக்கும்போதும் இதுவே நடக்கிறது. கை தானாகச் செய்கிற படிகளை அவர் சொல்வதே இல்லை, ஏனென்றால் அவை படிகள் என்றே அவருக்குத் தோன்றுவதில்லை. இதற்கு மருந்து தயாரிப்பில்தான் இருக்கிறது. வேலையைச் செய்துகொண்டே ஒவ்வொரு படியையும், அந்தப் படியில் எது தவறினால் எல்லாம் கெடும் என்பதையும் ஒரு தாளில் எழுதி, துறைக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே தடுக்கி நிற்கிறாரோ அங்கே நீங்கள் ஒரு படியை விழுங்கியிருக்கிறீர்கள்.

இனி மௌனத்துக்கு வருகிறேன். 1970-களில் மேரி பட் ரோ என்பவர் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடி அல்லது அதற்கும் குறைவு என்று கண்டார். அதை 3 நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாயின, பதில் சொல்பவர்கள் அதிகமானார்கள், "தெரியாது" என்பது குறைந்தது, மாணவர்களே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அவர் இரண்டு இடைவெளிகளைப் பிரித்துக் காட்டினார், கேள்விக்குப் பின் ஒன்று, பதிலுக்குப் பின் இன்னொன்று. இரண்டாவதுதான் பயிற்றுநர்களுக்குக் கஷ்டம். ஒருவர் பதில் சொல்லி முடிக்கும் முன்பே "கரெக்ட்", "வெரி குட்", "இல்லை இல்லை" என்று வாய் முந்திக்கொள்கிறது. அங்கே மூன்று நொடி பேசாமல் இருந்தால், சொன்னவர் தன் பதிலைத் தானே திருத்துவார், அல்லது மூலையில் உட்கார்ந்திருப்பவர் "எங்கள் இடத்தில் அப்படிச் செய்வதில்லை" என்று ஆரம்பிப்பார். அந்த வகுப்பில் கிடைக்கக்கூடிய மிக மதிப்பான பொருள் அந்த வாக்கியம்தான், அது பயிற்றுநரிடம் இல்லாதது. ரோ ஆராய்ந்தது குழந்தைகளை என்றாலும், பேசுவதற்கு முன் நாலு தடவை யோசிக்கும் பெரியவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் கூடுதலாகவே வேண்டும் என்பது என் எண்ணம். மூன்று நொடி முன்னால் நிற்பவருக்கு யுகமாகத் தெரியும், உட்கார்ந்திருப்பவருக்கு அப்படித் தெரியாது. அதைத் தாங்கப் பழகுவது குரலைப் பழக்குவதைவிடக் கடினம்.

தப்பான பதில் வரும்போது செய்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். "தப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனால் அந்த ஆள் அன்று முழுக்க வாய் திறக்க மாட்டார். பொய்யாகப் பாராட்டினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதுவும் வேலைக்காகாது. "எப்படி அந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்று நிஜமான ஆர்வத்தோடு கேட்பதுதான் சரி. சரியான பதில் வந்தாலும் சில சமயம் அதையே கேளுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று அர்த்தம் என வகுப்பு கற்றுக்கொண்டுவிடும்.

"நான் இருபது வருஷமா இப்படித்தான் செய்யறேன்" என்று ஒருவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். அவரை அடக்க முயல்வது வீண். கீழே போட்டு மிதித்தால் மற்ற எல்லோரும் அவர் பக்கம் சாய்வார்கள், சாய்வதும் நியாயம்தான், அவர் அவர்களுடைய ஆள். அவர் முறை எந்தச் சூழலில் நன்றாக வேலை செய்தது, எந்தச் சூழலில் கையைக் கடித்தது என்று அவரையே சொல்லவையுங்கள். பெரும்பாலும் புதிய முறைக்கான காரணத்தை அவரே சொல்லிவிடுவார். சில நேரம் அவர் சொல்வதே சரியாகவும் இருக்கும், அப்போது கையேட்டைத் திருத்துங்கள்.

அனுபவம் கலந்த வகுப்பில் இன்னொரு சிக்கல். புதியவருக்குப் பெரிதும் உதவும் விரிவான விளக்கம், ஏற்கெனவே தெரிந்தவருக்குச் சுமையாகி அவர் கற்பதையே குறைக்கலாம் என்பதைக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரும் அவரோடு வேலை செய்தவர்களும் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே விளக்கம் என்பது அங்கே யாருக்கும் பொருந்தாமல் போகும். புதியவர்களுக்கு முழுதாகச் செய்து முடித்த ஒரு மாதிரி, பழையவர்களுக்கு அதே விஷயத்தில் ஒரு பழுதான வேலை, "எங்கே கெட்டது என்று கண்டுபிடியுங்கள்" என்று கொடுப்பது எளிய வழி.

வயதோடு வரும் உடல் மாற்றங்களை எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்வதில்லை. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து, ஆகவே கையில் கொடுக்கும் தாளில் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், மானியில் இருக்கும் சின்ன எண்ணைப் படிக்கச் சொல்லி ஒருவரை எல்லோர் முன்பும் தவிக்கவிடக் கூடாது. வயதாகும்போது காதில் முதலில் குறைவது உச்ச அதிர்வெண் ஒலிகள், மெய்யெழுத்துகளைப் பிரித்துக் கேட்க உதவுவது அவைதான். அதனால் கத்திப் பேசினால் பயன் இல்லை, நிதானமாக, சொல்லை முழுதாக உச்சரித்து, முகம் தெரியும்படி பேச வேண்டும். பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவது இரண்டையும் கெடுக்கும். எழுதும்போது எழுதுங்கள், திரும்பியபின் பேசுங்கள். மைக் இருந்தால் சின்ன அறையிலும் பயன்படுத்துங்கள், உங்கள் தொண்டைக்கும் நல்லது.

ஸ்லைடு பற்றி ஒன்றே ஒன்று. திரையில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே வாசிக்காதீர்கள். கண்ணும் காதும் ஒரே சொற்களை வெவ்வேறு வேகத்தில் வாங்கும்போது இரண்டும் மோதிக்கொள்கின்றன. படமோ வரைபடமோ திரையில் இருக்கட்டும், சொல் உங்கள் வாயில் இருக்கட்டும்.

அப்புறம், பயிற்சி வகுப்புகளில் வேரோடிப்போன சில நம்பிக்கைகளைக் கைவிட்டுவிடலாம். "படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம் நினைவிருக்கும்" என்று முக்கோணப் படம் போட்டுக் காட்டுவார்கள். எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946-ல் வரைந்த மூலப் படத்தில் எந்தச் சதவீதமும் கிடையாது, எண்களைப் பிற்பாடு யாரோ ஒட்டினார்கள். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று ஆட்களைப் பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2008-ல் உளவியலாளர்கள் குழு ஒன்று விரிவாக எழுதியது. இதற்காகச் செலவிடும் நேரத்தை, நேற்று சொன்னதை இன்று தாளைப் பார்க்காமல் எழுதச் சொல்வதற்குச் செலவிடலாம். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனையில், திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னிலையில் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

இவ்வளவையும் எப்படிப் பழகுவது? வருஷக்கணக்கில் வகுப்பெடுத்தால் தானாக வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கும் பழக்கம் கெட்டிப்படும், அவ்வளவுதான். 1963-ல் ஸ்டான்ஃபோர்டில் டுவைட் ஆலனும் உடன் இருந்தவர்களும் உருவாக்கிய நுண்ணிலைக் கற்பித்தல் இன்னமும் நல்ல வழி. சில பேரை மட்டும் உட்காரவைத்து, ஐந்திலிருந்து பத்து நிமிடம், ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு வகுப்பெடுப்பது, அதை வீடியோவில் பதிவது, பார்த்துப் பேசுவது, உடனே மறுபடியும் எடுப்பது. அந்த 'மறுபடியும்' மிக முக்கியம். கருத்துச் சொல்லிக் கைதட்டி அனுப்பிவிட்டால் அது நிகழ்ச்சி, பயிற்சி ஆகாது. ஒரே திறன் என்பதும் முக்கியம்: இன்று கேள்விக்குப்பின் காத்திருப்பது மட்டும், அடுத்த முறை தப்பான பதிலைக் கையாள்வது மட்டும். எட்டுக் குறைகளை ஒரே மூச்சில் கேட்டவர் ஒன்றையும் திருத்த மாட்டார்.

குழு இல்லாதவர்களுக்குச் சட்டைப்பையில் இருக்கும் போன் போதும், வகுப்பில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுக் குரலை மட்டும் பதிவு செய்தால் சரி. கேட்கும்போது குரல் இனிமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். தொடர்ந்து எத்தனை நிமிடம் நீங்கள் மட்டும் பேசினீர்கள், ஒவ்வொரு கேள்விக்கும் பின் எத்தனை நொடி விட்டீர்கள், உங்கள் கேள்விக்கு நீங்களே எத்தனை தடவை பதில் சொன்னீர்கள், பேசியவை எத்தனை வெவ்வேறு குரல்கள், இந்த நான்கையும் தாளில் குறியுங்கள். சக பயிற்றுநர் ஒருவர் வந்து பார்க்கச் சம்மதித்தால், அவரைப் பின்வரிசையில் உட்காரவைத்து உங்களைப் பார்க்கச் சொல்லாதீர்கள். கற்பவர்களின் முகம் தெரியும்படி முன்பக்க ஓரத்தில் உட்காரட்டும். எந்த நிமிடத்தில் யார் எழுதுவதை நிறுத்தினார், எந்தச் சொல்லில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், செயல்முறையில் யார் கை எங்கே நின்றது என்று எழுதித் தரட்டும். உங்கள் நடை உடை பற்றிய பத்துப் பக்கக் கருத்தைவிட இந்த ஒரு பக்கம் பயன்படும்.

வகுப்பு முடிந்ததும் வாங்கும் கருத்துப் படிவத்தை எப்படிப் படிப்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும். 2019-ல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடந்த ஆய்வில், தாங்களே கணக்குகளோடு மல்லுக்கட்டிய வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் வழவழப்பான விரிவுரை கேட்டபோதுதான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். மூளைக்கு வேலை கொடுக்கும் வகுப்பு அந்த நேரத்தில் சிரமமாகத்தான் இருக்கும். இதை வகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது, பெரியவர்கள் காரணம் சொன்னால் சிரமத்தை ஏற்றுக்கொள்வார்கள். படிவத்தில் மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது என்பதற்காகப் பழையபடி பேசிக்கொண்டே இருக்கும் வகுப்புக்குத் திரும்பிவிடாதீர்கள், அனுப்பிய நிறுவனம் கேட்டாலும் இதையே விளக்குங்கள்.

சில வாரம் கழித்து, வந்தவர்களில் நாலைந்து பேரிடம் போனிலோ நேரிலோ பேசுங்கள். நன்றாக இருந்ததா என்று கேட்க வேண்டாம். கற்றதில் எதைச் செய்து பார்த்தீர்கள், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள், யாரிடம் போய்க் கேட்டீர்கள் என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தில் மாட்டியிருந்தால் அது அவர்கள் குறை இல்லை, உங்கள் செய்து காட்டலில் அந்தப் படி இல்லை. அடுத்த வகுப்புக்கு முன் அந்தப் பகுதியை மட்டும் எடுத்து, பத்து நிமிடமாகச் சுருக்கி, யாரையாவது எதிரே உட்காரவைத்து இரண்டு தடவை எடுத்துப் பாருங்கள்.